அறலும் எக்கரும்: ஆற்றுப் படுகையின் நிலைபேறு

சங்க இலக்கிய வகுப்பில் 'அறல்' என்னும் சொல் வருமிடத்து, மகளிர் கூந்தலுக்கு உவமையாக வரும் ஆற்று மணல் என்று பொருள் கூறி அப்பாற் செல்லுதல் எம்மனோர்க்கு வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை மாணவர் ஒருவர், "மணல் கூந்தலை எவ்வாறு ஐயா ஒக்கும்? அது குவியலாகவன்றோ கிடக்கிறது?" என்று வினவினார். அவர் மணலை அறிந்தது, வீடு கட்டுமிடத்தில் லாரி கொட்டிச் சென்ற குவியலால்தான். கண்ணாற் காட்டுவதே தக்க விடையெனக் கருதி, கோடை விடுமுறைக்கு முன் அவ்வகுப்பினரைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துச் சென்றோம். யாம் இறங்கிய இடத்தில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பள்ளங்கள் இருந்தன, அவற்றின் அடியில் வெடித்த களிமண் இருந்தது, கருவேலமுட்கள் வளர்ந்திருந்தன. அறலை மட்டும் காட்ட இயலவில்லை.

அன்று விடை கூறாது திரும்பிய குறையே, நீரியற் பொறியாளர் எழுதியவற்றை யாம் கற்கத் தொடங்கியதற்குக் காரணம். யாம் பொறியியல் பயின்றவர் அல்லேம். எனினும், மணல் எவ்வாறு ஓடுகிறது, படுகை எப்பொழுது நிலைக்கிறது, எப்பொழுது தாழ்கிறது என்பனவற்றை அவர்கள் கணக்கிட்டுக் காணும் முறை, பழஞ்சொற்களின் பொருளைத் தெளிய நமக்கும் துணையாவது. அம்முறையைத் தமிழ் பயில்வோர்க்கு விளங்குமாறு கூறுவதும், காவிரியும் கொள்ளிடமும் அதற்குச் சான்றாக நிற்குமாற்றைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்களைக் காண்போம். ஆறு கொண்டுவரும் பொருளைத் தமிழர் ஒரே பெயரால் அழைத்திலர். நுண்ணிய சேறாகப் படிவது வண்டல். பரலாகக் கிடப்பது மணல். நீர் ஓரிடத்தில் ஒதுக்கி மேடாக்கியது எக்கர். எக்கர் என்பதற்கு 'இடுமணல்' என உரை காண்பர். தானே கிடந்த மணல் அன்று, நீரோ காற்றோ கொணர்ந்து இட்ட மணல் என்னும் குறிப்பு அவ்வுரையில் உண்டு. ஆற்றின் நடுவே மேடு எழுந்து நிலமாகிவிட்டால் அது துருத்தி, குறை, அரங்கம் என வழங்கும். திருவரங்கமும், திருப்பூந்துருத்தியும், குத்தாலத்தின் பழம்பெயராகிய திருத்துருத்தியும் இவ்வகையில் எழுந்த ஊர்ப்பெயர்கள். 'படுகை' என்னும் சொல்லோ இருபொருள் தருவது. நாம் இன்று ஆற்றின் அடித்தளத்தைப் படுகை என்கிறோம். தஞ்சை மாவட்ட உழவரைக் கேட்டால், ஆற்றுக்கும் கரைக்கும் இடையே வண்டல் படிந்து பயிரேறும் நிலத்தைப் படுகை என்பர். படு என்னும் வினையடி இரண்டுக்கும் பொது. படிந்ததே படுகை, அஃதாவது, முன்பு ஓடிவந்து இன்று தங்கியிருப்பது.

வண்டல், மணல் என்னும் பாகுபாடு வெறும் பருமனைப் பற்றியதன்று. செலவின் முறையைப் பற்றியது. நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வண்டல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 3 மணி நேரம் கொள்ளும்; அரை மில்லிமீட்டர் மணல் பதினைந்து நொடிக்குள் இறங்கிவிடும். ஆதலின், வண்டல் நீரின் முழு ஆழத்திலும் பரவி, நீர் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும். மணலோ பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டி உருண்டும் துள்ளியும் செல்லும். முன்னதை மிதவைப் படிவு என்றும் பின்னதைப் படுகைப் படிவு என்றும் நாம் பெயரிடலாம். ஓர் ஆறு இரண்டாகப் பிரியுமிடத்தில் இவ்விரண்டும் ஒரே விகிதத்தில் பிரிவதில்லை என்பதை இப்பொழுதே நினைவிற் கொள்ள வேண்டும். காவிரியின் வரலாறு முழுவதும் அதில் அடங்கியுள்ளது.

இனி, மணலை அசைப்பது யாது? நீரின் விரைவு என்று பொதுவாகக் கூறுவர். பிரெஞ்சுப் பொறியாளர் டுபுவா, ரோன் ஆற்றை ஆய்ந்து 1879-இல் இதனைச் சற்று நுட்பமாகக் கூறினார். சரிவில் இறங்கும் நீர்ப்பொதி தன் எடையின் ஒரு கூற்றால் அடித்தளத்தை முன்னோக்கி இழுக்கிறது. நீரின் ஆழமும் தளத்தின் சரிவும் மிகுந்தோறும் இவ்விழுப்பும் மிகும். இழுப்பு எவ்வளவானால் துகள் பெயரும் என்பதற்கு எல்லை வகுத்தவர் ஷீல்ட்ஸ் என்னும் அமெரிக்கர். 1936-இல் பெர்லினில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதனை வகுத்தார். இழுப்பு விசையைத் துகளின் நீருள் எடையோடு ஒப்பிட்டு நோக்கும் அவரது எண் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆய்வேட்டை முடித்து நாடு திரும்பிய அவர்க்கு அத்துறையில் வேலை கிடைக்காமையால், அட்டைப்பெட்டி செய்யும் எந்திரத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தார் என்பது, ஆய்வேடு எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். 2500 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் ஆற்றில் 2 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடுவதாகக் கொள்வோம். அடித்தளத்தின் மீது ஏற்படும் இழுப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 நியூட்டன். அரை மில்லிமீட்டர் மணல் பெயர்வதற்கு வேண்டிய எல்லையோ கால் நியூட்டன் அளவே. பத்துச் சென்டிமீட்டர் கல் பெயர வேண்டுமாயின் 80 நியூட்டன் வேண்டும். எனவே, பெருக்குக் காலத்தில் மணற்படுகை முழுவதும் இயங்குகிறது. கல் இருந்த இடத்தில் இருக்கிறது. நாம் கரையில் நின்று காணும்பொழுது நீர் மட்டும் ஓடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அடித்தளமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்ஙனமாயின் படுகை நிலைத்திருத்தல் என்பதன் பொருள் யாது? இவ்விடத்தில்தான் யாமும் முதலில் தவறினோம். நிலைத்த படுகை என்றால் அசையாத படுகை என்று கருதினோம், அஃது அன்று. வரவும் செலவும் ஒத்த படுகையே நிலைத்த படுகை. வியன்னாவைச் சேர்ந்த எக்ஸ்னர் 1920-களில் இதனை ஒரு சமன்பாடாக எழுதினார். ஆற்றின் ஒரு கூற்றுள் வரும் மணலைவிடப் போகும் மணல் மிகுந்தால் தளம் தாழும், குறைந்தால் உயரும். கணக்குப்பிள்ளை எழுதும் ஐந்தொகையினின்று இது சிறிதும் வேறன்று. ஒரு கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள ஆற்றுப் பகுதியில் ஒரு நாளில் 1000 கன மீட்டர் மணல் வந்து 1200 கன மீட்டர் வெளியேறுமாயின், தளம் ஒரு மில்லிமீட்டர் தாழும். ஆண்டுக்கு நூறு நாள் இவ்வாறு ஓடினால் பத்தாண்டில் ஒரு மீட்டர். ஒரு நாளில் எவர் கண்ணுக்கும் புலனாகாத குறை, ஒரு தலைமுறைக்குள் பாலத்தின் அடித்தளத்தை வெளியே காட்டிவிடும்.

மணல் இயங்குங்கால் தளம் சமமாக இருப்பதில்லை. சிற்றலை போன்ற வரிகள் எழுகின்றன. ஒவ்வொரு வரியின் மேற்புறத்திலும் மணல் ஏறி, உச்சியைக் கடந்து, கீழ்ப்புறத்தில் வீழ்கிறது; அதனால் வரியே மெல்ல நடந்து செல்கிறது. இவ்வரிகளே அறல். வற்றும் நீரின் அடியில் வரிவரியாக நெளிந்து கிடக்கும் கருமணலைக் கண்டவர்க்கு நெளிந்த கூந்தல் நினைவுக்கு வருதல் இயல்பே. அறல் என்பதற்கு அரித்தோடுதல், நீர், திரை, கருமணல் என அகராதிகள் பல பொருள் தருகின்றன. இவற்றைத் தொடர்பற்ற பலபொருளாகக் கொண்டு மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆற்றை நோக்கின் அவை ஒரே நிகழ்ச்சியின் பல முகங்கள் என்பது புலனாகும். அரித்தலே வரியை ஆக்குகிறது. வரி திரைபோல் நடக்கிறது. நீர் வற்றியபின் மணலில் நிற்கிறது. 'அறு' என்னும் அடியினின்று தோன்றி, செயலையும் செயலின் பயனையும் ஒருங்கே உணர்த்தும் சொல்லாக இதனைக் கொள்வதே பொருத்தம் என்பது எம் கருத்து.

இவ்வரிகள் கணக்கிடுவோர்க்குப் பெருந்தொல்லை தருவன. நீர் வரியை ஆக்குகிறது. வரி நீரைத் தடுத்து அதன் விரைவைக் குறைக்கிறது. விரைவு குறையின் மணற்செலவு மாறுகிறது. செலவு மாறின் வரியும் மாறுகிறது. பெருவெள்ளத்தில் வரிகள் முற்றிலும் அழிந்து தளம் சமமாகிவிடுதலும் உண்டு. அப்பொழுது தடை திடீரெனக் குறைவதால், நீர் எதிர்பார்த்ததினும் விரைந்து ஓடும். மணற்செலவோ விரைவின் மூன்று முதல் ஐந்து மடிப்பெருக்கமாக வளர்வது. விரைவு இரட்டித்தால் மணல் 8 மடங்கு முதல் 32 மடங்கு வரை பெருகும் என்பது இதன் பொருள். ஆண்டு முழுவதும் ஓடும் மணலில் பெரும்பகுதி சில வெள்ள நாள்களில் ஓடிவிடுவதற்கும், விரைவைக் கணிப்பதில் நேரும் சிறுபிழை மணற்கணக்கில் பெரும்பிழையாவதற்கும் இதுவே காரணம்.

இந்த அறிவை வைத்துக்கொண்டு காவிரிக்கு வருவோம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் குறுகிய வழியில், மிகுந்த சரிவில் கடலை நோக்கிச் செல்வது. தென்கிளையாகிய காவிரி, மேலும் பலவாகக் கிளைத்து, தஞ்சை நிலத்தில் தவழ்ந்து செல்வது. சரிவு மிகுந்த கிளை தன் மணலைத் தானே கடத்திவிடும். சரிவு குறைந்த கிளை மணலை வைத்துவிட்டு நீரை இழக்கும். இடையீடின்றி விட்டிருந்தால் காவிரி தூர்ந்து, கொள்ளிடமே ஆறாகியிருக்கும். கல்லணை தடுத்தது இதனைத்தான். திருவரங்கத் தீவின் கீழ்முனையில் காவிரி நீர் மீண்டும் தாழ்ந்த கொள்ளிடத்துள் வீழ்ந்துவிடாமல் அது காக்கிறது. மிகுதி நீரும் அடிமணலும் கொள்ளிடத்துக்குச் செல்ல, வண்டல் கலந்த மேல்நீர் தஞ்சைக்குச் செல்லுமாறு அதன் வளைந்த அமைப்பு உதவியது எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

வளைவுக்கு அத்தகைய ஆற்றல் உண்டா என ஐயுறுவோர் தேநீர்க் கோப்பையைக் கலக்கிப் பார்க்கலாம். கலக்கியபின் தேயிலைத் தூள் ஓரத்துக்கு ஒதுங்காமல் அடியின் நடுவில் கூடும். வளைந்து ஓடும் நீரில் மேல்நீர் புறவளைவை நோக்கியும் அடிநீர் உள்வளைவை நோக்கியும் திரும்புவதே காரணம். ஆறுகள் நெளிந்து ஓடுவதை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926-இல் இத்தேநீரைக் கொண்டே விளக்கினார். அவர் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் நீரியற் பொறியாளராகி, ஒவ்வொரு மணற்பரலும் பெயரும் வாய்ப்பை நிகழ்தகவாகக் கணக்கிடும் முறையை 1950-இல் வெளியிட்டார். தந்தையின் துறையினும் மைந்தர் எடுத்த பொருள் எளிதன்று என்பதை அதைக் கற்க முயன்றபொழுது உணர்ந்தோம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணலேறி, நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இழிந்தது; தஞ்சையின் பாசனம் குன்றியது. ஆர்தர் காட்டன், கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தபின், 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதன்பின் நிகழ்ந்தது ஐந்தொகைக் கணக்கின் நேர்விளக்கம். காவிரிக்கு நீர் மிகுந்தது. மிகுந்த நீர் தளத்தை அரித்தது. தூர்ந்துவந்த ஆறு இப்பொழுது ஆழ்ந்து செல்லத் தொடங்கியது. மருந்து மிஞ்சியதால் மாற்று மருந்து வேண்டியதாயிற்று. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பின் குறுக்கே தள மட்டத்தைக் காக்க ஓர் அடிச்சுவர் எழுப்பவும் நேர்ந்தது. படுகைக்கு நிலைபேறு என்பது ஒரு முறை கொடுத்து முடிக்கும் பொருளன்று என்பதை, கணினியோ ஷீல்ட்சின் எண்ணோ இல்லாத காலத்திலேயே முக்கொம்பு காட்டியது.

அடியறியாத மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் எழுதியுள்ளார். மணலில் கல்லை இட்டால், வெள்ளத்தில் கல்லின் அருகே மணல் அரிக்கப்பட்டுக் கல் இறங்கும். அதன்மேல் மீண்டும் கல் இடப்படும். இவ்வாறு இறங்கி இறங்கி, இனி அரிப்பு எட்டாத ஆழத்தில் கல் நிலைகொள்ளும். அரிப்போடு போரிடாமல் அரிப்பையே கொத்தனாக்கிக்கொண்ட முறை இது. இன்றும் பாலத் தூண்களைச் சுற்றிக் கல்லைப் பரப்பி, பள்ளம் விழும்பொழுது அது தானே சரிந்து மூடுமாறு விடுகின்றனர்.

இதனைக் கொண்டு, நம் முன்னோர் இக்காலச் சமன்பாடுகளை எல்லாம் அறிந்திருந்தனர் என முழங்குவோருடன் யாம் சேர்வதற்கில்லை. உற்று நோக்கி அறிதல் வேறு. கணக்கிட்டு முன்கூறுதல் வேறு. கல்லணையைக் கரிகாலனோடு இணைக்கும் வழக்கு உரம் பெற்றது. ஆயினும், இன்று காணும் கட்டடத்தில் பிற்காலத்தார் சேர்த்தவை பல. முன்னோரின் பெருமைக்கு அவர்கள் செய்ததே போதும். செய்யாததை ஏற்றிக் கூறுதல் அவர்களுக்கு இழுக்கு.

முன்கூறும் கலை இருவழியில் வளர்ந்தது. ஒன்று, ஆற்றைச் சிறிதாக்கிக் கூடத்தில் ஓடவிடும் மாதிரி. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885-ஐ ஒட்டி மெர்சி ஆற்றின் கழிமுகத்தை இவ்வாறு அமைத்துப் பார்த்தார். நம் நாட்டில் 1916-இல் தோன்றிய புனே ஆய்வு நிலையமும், தமிழகத்தில் பூண்டி நீரியல் ஆய்வு நிலையமும் இவ்வகை மாதிரிகளைக் கையாள்வன. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆற்றை நூற்றில் ஒன்றாகச் சுருக்கலாம். மணலைச் சுருக்கினால் அது வண்டலாகி, ஒட்டிக்கொண்டு, மணலின் இயல்பையே இழந்துவிடும். ஆதலின் நிலக்கரித் தூள், மரத்தூள் போன்ற நொய்ய பொருள்களை மணலாக நடிக்கச் செய்வர். மற்றொரு வழி கணினி. ஆற்றைப் பல கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூற்றிலும் நீரின் இழுப்பையும், அதனால் பெயரும் மணலையும், எக்ஸ்னரின் ஐந்தொகைப்படி தளத்தின் ஏற்றத்தாழ்வையும் கண்டு, மாறிய தளத்தின்மேல் மீண்டும் நீரை ஓட்டுவர். மணற்செலவுக்கு, சூரிச்சைச் சேர்ந்த மெய்யர்-பீட்டரும் முல்லரும் 1948-இல் வெளியிட்டது முதலாகப் பல வாய்பாடுகள் உள்ளன. ஒரே ஆற்றுக்கு அவை வெவ்வேறு விடை தரும். கணக்கிட்டது அளந்ததன் இரு மடங்குக்கும் பாதிக்கும் இடையே அமைந்தால் நன்று என அத்துறையினரே மனநிறைவு கொள்வர். பாட வேறுபாடுகளைக் கண்டு சோர்வடையும் நம் மாணவர்க்கு இஃது ஓர் ஆறுதலாகலாம்.

விடையின் அளவில் ஐயம் இருப்பினும், திசையில் ஐயமில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் மேல்நாட்டு மணல் அதனுள்ளே தங்கிவிடுகிறது. கீழே வந்து சேரும் பவானி, அமராவதி ஆகியவற்றிலும் அணைகள் உள்ளன. வரவு இவ்வாறு சுருங்கிய ஆற்றிலிருந்து மணல் வாரப்பட்டது. 300 மீட்டர் அகல ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் அது 3 இலட்சம் கன மீட்டர்; 2 யூனிட் ஏற்றும் லாரிக்கு ஐம்பதாயிரம் நடைக்கு மேல். பள்ளம் தோண்டிய இடத்தோடு நின்றுவிடுவதில்லை. பள்ளத்தின் தலைப்பில் சரிவு மிகுவதால் அங்கே அரிப்பு எழுந்து மேல்நோக்கி நகர்கிறது. மேலிருந்து வரும் மணல் பள்ளத்தில் தங்கிவிடுவதால், மணல் இல்லா நீர் கீழே உள்ள தளத்தை அரிக்கிறது. இருபுறமும் கேடு.

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்து வெள்ளத்திற் சென்றன. அதே மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. கட்டடத்தின் முதுமை என்றும், கீழ்ப்பக்கத் தளம் தாழ்ந்தமை என்றும் காரணங்கள் பலவாகக் கூறப்பட்டன. அவற்றுள் ஒன்றைத் தீர்த்துரைக்கும் தகுதி எமக்கில்லை. மணலில் நின்ற கட்டடத்துக்கு மணலின் மட்டமே உயிர் என்பது வரை கூறலாம். உடைந்த அணைக்கு மாற்றாகப் புதிய கதவணை அங்கே எழுப்பப்பட்டுவிட்டது.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஒரு விண்ணப்பம். இத்துறை நூல்களில் வண்டல், மணல், சேறு அனைத்தையும் 'படிவு' என்னும் ஒரே சொல்லால் குறித்தும், படுகையில் எழும் வரிகளுக்கு நீண்ட மொழிபெயர்ப்புத் தொடர்களை ஆக்கியும் இடர்ப்படுகின்றனர். வரிக்கு அறல் உண்டு. ஒதுங்கிய மேட்டுக்கு எக்கர் உண்டு. நடு ஆற்று மேட்டுக்குத் துருத்தி உண்டு. அடித்தளத்துக்கும் கரையோர வண்டல் நிலத்துக்கும் 'படுகை' ஒன்றே நிற்பதால் நேரும் மயக்கத்தை மட்டும், முன்னதைப் 'படுகைத் தளம்' என விரித்துத் தீர்த்துக்கொள்ளலாம். பொறியாளர் இவற்றை ஏற்பின், சங்க நூலுக்கு உரை காண்போரும் அவர்களிடமிருந்து பொருள் விளக்கம் பெறலாம்.

வினாவிய மாணவர்க்கு விடை கூறுவது எஞ்சியிருந்தது. அடுத்த பருவத்தில், மூன்றடி நீளத் தகரத் தட்டு ஒன்றில் சலித்த மணலைப் பரப்பி, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, குழாய் நீரை மெல்ல ஓடவிட்டோம். முதலில் மணல் முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது, நீர் மிகுதி. நீரைக் குறைத்து மூன்றாம் முறை முயன்றபொழுது, கால் மணி நேரத்தில் தட்டின் நடுவே நான்கைந்து வரிகள் எழுந்து, மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்தன. மாணவர் குனிந்து நோக்கி, "இப்பொழுது ஒக்கிறது ஐயா" என்றார்.